கம்பாய் செகுந்தோவின் பெட்டியில் விடுபட்ட ஒரு வரி

போன வாரம் ஒரு சிகார் ஏல அறிவிப்பு கண்ணில் பட்டது. கியூபாவின் மாண்டிகிறிஸ்டோ என்ற சிகார் பிராண்டின் பெயரில், இசைக்கலைஞர் கம்பாய் செகுந்தோவின் நூற்றாண்டையொட்டி 2007ல் வந்த நினைவுப் பெட்டி. கொஞ்சம்தான் செய்தார்கள் என்பதால் சேகரிப்பவர்களிடம் அதற்கு ஏக மவுசு. நான் புகைபிடிப்பவன் இல்லை, அந்தப் புகையிலை உடம்புக்கு என்ன செய்யும் என்றும் தெரியும், ஆனால் அவருடைய குரலை இருபது வருடமாகக் கேட்டுவருகிறேன். அதனால் ஆசையாகப் படிக்கப் போனேன். பெட்டியின் மரத்தைப் பற்றி நாலு வரி, மெருகைப் பற்றி இரண்டு வரி. அவரைப் பற்றி? "சிகார் பிரியரான பாடகர்". அவ்வளவுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மனிதர் சிகார் சுருட்டிச் சம்பளம் வாங்கிய தொழிலாளி. அதை எழுதாமல் அந்தப் பெட்டியை எப்படி விற்க முடிகிறது?

இயற்பெயர் ஃபிரான்சிஸ்கோ ரெபிலாதோ. 1907ல், கியூபாவின் கிழக்குக் கோடியில், சான்டியாகோவுக்குப் பக்கத்துக் கடலோர ஊரான சிபொனேயில் பிறந்தவர். ஐந்து வயதிலேயே பாட்டிக்குச் சுருட்டுப் பற்றவைத்துக் கொடுத்ததாக அவரே சொல்வார். சான்டியாகோ நகராட்சி பேண்டில் கிளாரினெட் வாசித்தார், அப்புறம் ஹவானாவுக்கு வந்தார். கிதாருக்கும் த்ரெஸ் என்ற நாட்டுப்புறக் கருவிக்கும் நடுவில் நிற்கிற மாதிரி ஏழு தந்தி வைத்த ஒரு வாத்தியத்தைத் தானே உருவாக்கி அதற்கு ஆர்மோனிகோ என்று பெயர் வைத்தார். லொரென்சோ இயெர்ரெசுவேலோவுடன் சேர்ந்து லோஸ் கம்பாத்ரெஸ் என்ற ஜோடியில் பாடியபோது இவர் இரண்டாம் குரல். கம்பாய் என்றால் கூட்டாளி, செகுந்தோ என்றால் இரண்டாவது. பட்டப்பெயரே அந்த இரண்டாம் குரலிலிருந்து வந்ததுதான்.

ஐம்பதுகளின் நடுவில் அந்த ஜோடி பிரிந்தது. அவர்கள் பாடிய சோன் என்ற பழைய கியூப இசைக்கு ஊரில் கிராக்கி குறைந்துகொண்டே போனது. பல வருடங்கள் ஹவானாவில் ஹெச். உப்மான் சிகார் தொழிற்சாலையில்தான் அவருக்குப் பிழைப்பு. பணி ஓய்வும் அந்தத் தொழிலிலிருந்துதான் பெற்றார்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். பள்ளிக்கூட பெஞ்ச் மாதிரி வரிசையாக மேசைகள். உள்ளே வைக்கிற இலைகளில் வெவ்வேறு காரம், அவற்றை உள்ளங்கையிலேயே மடித்து அடுக்கி, நடுவில் காற்று போக வழிவிட்டு, கட்டு இலையால் சுற்றி அச்சில் வைத்து அழுத்த வேண்டும். கடைசியாக மேலிலை. அதைத் துணிப்பந்தலின் நிழலில் வளர்க்கிறார்கள், பட்டுத்துணி மாதிரி இருக்கும், கொஞ்சம் இழுத்தால் கிழிந்துவிடும். சவெத்தா என்ற கைப்பிடியில்லாத வளைந்த கத்தியால் அதை வெட்டிச் சாய்வாகச் சுற்றி, நுனியில் துளி பசை தடவித் தொப்பி வைக்கிறார்கள். நல்ல தொழிலாளி ஒரு நாளைக்கு நூறு சிகாருக்கு மேல் சுருட்டுவார்.

இத்தனை நேரமும் அந்தக் கூடத்தில் ஒருவர் மேடையில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் வாசித்துக்கொண்டிருப்பார். 1865லிருந்து இருக்கிற வழக்கம் இது. மாண்டிகிறிஸ்டோ என்ற பெயரே தொழிலாளர்கள் அப்படிக் கேட்டு ரசித்த ஒரு பிரெஞ்சு நாவலிலிருந்து வந்ததாகத்தான் தொழிலில் எல்லோரும் சொல்கிறார்கள். வாசிப்பு பிடித்துப்போனால் கை தட்ட மாட்டார்கள், கையில் இலை இருக்கிறதே! சவெத்தாவை மேசைப் பலகையில் டக் டக் என்று தட்டுவார்கள். நூறு பேர் சேர்ந்து இரும்பால் மரத்தில் தட்டுகிற சத்தம். சோன் இசையில் இரண்டு குச்சிகளைத் தட்டித் தாளம் பிடிப்பதைக் கேட்டவர்களுக்கு, அந்தக் கூடத்தில் ஒரு இசைக்கலைஞன் உட்கார்ந்திருந்தது ஆச்சரியமாக இருக்காது.

1996 மார்ச்சில், 88 வயதில், ஹவானாவின் எக்ரெம் ஸ்டுடியோவில் புவேனா விஸ்டா சோஷியல் கிளப் இசைத்தட்டுக்காக கியூபப் பாடகர் எலியாதெஸ் ஓச்சோவாவுடன் தன் சான் சான் பாட்டைப் பாடினார். மறு வருடம் தட்டு வெளிவந்தது, 1998ல் கிராமி வாங்கியது, உலகம் முழுக்க அவர் முகமும் வாயில் சிகாரும் தெரிந்தன. இதில் ஒரு விஷயம் எனக்கு ஆறவே ஆறாது. கியூபப் பொருள்களுக்கு எதிரான அமெரிக்கத் தடைச் சட்டத்தில் இசைத்தட்டுக்கு விலக்கு உண்டு, சிகாருக்கு இல்லை. அந்தக் குரல் அமெரிக்க வீடுகளுக்குள் சட்டப்படி போனது. அந்தக் கை வருடக்கணக்கில் சுருட்டிய பொருளை அங்கே கடையில் வைத்து விற்க 1962லிருந்து இன்றுவரை வழியில்லை. 2015ல் பயணிகள் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரலாம் என்று தளர்த்தினார்கள், 2020ல் அதையும் திரும்ப மூடினார்கள்.

சரி, பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். 2000லிருந்து வருடா வருடம் 'எதிசியோன் லிமிதாதா', அதாவது குறைந்த எண்ணிக்கைப் பதிப்பு, என்று கறுப்பு, தங்கநிறப் பட்டையோடு சிகார்கள் வருகின்றன. குறைந்தது இரண்டு வருடம் பழுக்க வைத்த இலை, மற்றவற்றை விடக் கருத்த மேல்பக்கம். பெட்டியைத் திருப்பினால் அடியில் தொழிற்சாலைக் குறியீடும் பெட்டி கட்டிய மாதமும் வருடமும் முத்திரையாக இருக்கும். சேகரிப்பவர்கள் அந்த முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறார்கள். சுருட்டியவர் பெயர் மட்டும் எங்கேயும் இருக்காது. அந்தப் பெயரைப் போடவே முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2006ல் கொஹீபா என்ற இன்னொரு கியூப சிகார் பிராண்டின் நாற்பதாம் ஆண்டுக்கு வந்த பெஹிகே சிகார்கள் மொத்தம் 4,000. அத்தனையையும் எல் லகிட்டோ தொழிற்சாலையில் நோர்மா ஃபெர்னாண்டஸ் என்ற ஒரே பெண்மணி சுருட்டினார், அதைச் சொல்லித்தான் விற்றார்கள். இன்றைக்கும் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

மற்ற பிரபலங்கள் பெயரில் என்ன வேண்டுமானாலும் வரட்டும். ஆனால் கம்பாய் பெயரில் வந்த பெட்டிக்கு மட்டுமாவது இந்த நியாயம் நடக்க வேண்டும். புகழ்பெற்ற பிறகு பெட்டிமேல் பெயர் ஏறிய அதே மனிதர், பெயர் இல்லாமல் எத்தனை ஆயிரம் சிகார்களை அந்த மேசையில் சுருட்டிக் கட்டிக் கொடுத்திருப்பார்!

ஏலக்காரர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். "ஹெச். உப்மான் தொழிற்சாலையில் சிகார் சுருட்டும் தொழிலாளியாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்" என்ற ஒரே வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஏலம் வெள்ளிக்கிழமை. இன்று காலையும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், இன்னும் 'சிகார் பிரியரான பாடகர்' என்றுதான் இருக்கிறது.