தோளில் கிழிந்தது நரம்பு அல்ல

கடந்த மார்கழியில், இட்லி மாவு அரைத்து விற்கும் ஓர் அக்கா தம் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி என்னுடைய இயன்முறை சிகிச்சை அறைக்கு வந்தார். மூன்று மாதங்களுக்கு முன் மாவுப் பாத்திரத்தைத் தூக்கும்போது தோளில் சுரீர் என்று ஒரு வலி; ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள்; எடுத்த இடத்தில் யாரோ ஒருவர், "தோள்ல நரம்பு கிழிஞ்சிருக்கு" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து அவர் அந்தக் கையை அசைக்கவே இல்லை. "நரம்பு பாதி அறுந்துபோச்சாம் தம்பி, அசைச்சா மிச்சமும் அறுந்து கை விளங்காமப் போயிரும்ல?" என்று என்னிடம் கேட்டார்.

அவர் கொண்டுவந்த அறிக்கையைப் படித்தேன். அவருடைய நரம்புகள் எதற்கும் எந்தச் சேதமும் இல்லை. தோள்பட்டை எலும்பின் மேற்புறக் குழியில் கிளம்பி, மேற்கை எலும்பின் மேல்முனையில் போய் ஒட்டிக்கொள்ளும் சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற சிறிய தசையை எலும்போடு இணைக்கும் நாணில் ஒரு பகுதி மட்டும் கிழிந்திருந்தது. வயது ஐம்பதைத் தாண்டியவர்களிடம் பரவலாகக் காணப்படும், பல பேருக்கு வலியே இல்லாமல் இருக்கும் கிழிசல் அது. முறையாகப் பயிற்சி செய்திருந்தால் சில மாதங்களில் பாத்திரத்தைத் தூக்கியிருப்பார். மாறாக, அசையாமல் வைத்திருந்த மூன்று மாதங்களில் தோள் மூட்டே இறுகிப்போய், தலை வாரக்கூட முடியாத நிலைக்கு வந்துவிட்டார். அந்த இறுக்கத்தைத் தளர்த்த எங்களுக்கு ஏழு மாதங்கள் ஆயின. அவரை முடக்கியது கிழிசல் அல்ல, 'நரம்பு' என்ற சொல் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அதுதான். தமிழில் மருத்துவக் கல்வி வேண்டுமா வேண்டாமா என்று பல ஆண்டுகளாக வாதிடுகிறோம். ஆனால் உடலை அசைக்கும் தசைகளையும் அவற்றைச் சேர்ந்த பகுதிகளையும் நோயாளியிடம் பெயர் சொல்லிப் பேச, ஒரே பொருள் தரும் நான்கு சொற்களைக்கூட நாம் இன்னும் உறுதி செய்துகொள்ளவில்லை.

பேச்சுத் தமிழில் 'நரம்பு' எத்தனை பொருள்களைச் சுமக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கையில் பச்சையாகத் தெரியும் சிரை என்ற இரத்தக் குழாய் நமக்கு நரம்பு. அதில் போடும் ஊசி நரம்பு ஊசி. காலில் சிரைகள் புடைத்துச் சுருண்டால் நரம்புச் சுருட்டல். குதிகாலுக்கு மேல் கயிறு போல் தட்டுப்படும் நாண் குதிகால் நரம்பு. கெண்டைக்கால் தசை இறுகினால் "நரம்பு இழுத்துக்கொண்டது". கழுத்துத் தசை பிடித்துக்கொண்டால் "நரம்பு பிசகிவிட்டது". இவ்வளவுக்கும் பிறகு, மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் கிளம்பி உணர்வையும் கட்டளையையும் கடத்துகிற உண்மையான நரம்புக்கும் அதே சொல்தான்.

இதைச் சொல்லி மக்களைக் குறைகூற எனக்குத் துளியும் விருப்பமில்லை. யாழில் கட்டிய தந்தியும் நம் பழந்தமிழில் நரம்புதான், இலையில் ஓடும் கோடும் நரம்புதான். இழுத்துக் கட்டிய கயிறு போன்றது, நீண்டு கிளைத்து ஓடுவது என்ற உருவ ஒற்றுமையில் வளர்ந்த அழகான சொல் அது. கிரேக்க மொழியிலும் இதே கதைதான் நடந்தது. 'நியூரான்' என்பது அங்கே முதலில் நாணையும் வில்லின் கயிற்றையும் யாழ் போன்ற இசைக்கருவியின் தந்தியையும் குறித்த சொல். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உடல்களை அறுத்து ஆராய்ந்த ஹெரோஃபிலஸ் முதலானோர்தான் உணர்வைக் கடத்தும் நரம்பு வேறு, தசையைக் கட்டும் நாண் வேறு என்று பிரித்தறிந்தார்கள். அதன் பிறகு அந்தச் சொல் மெல்ல மெல்ல நரம்புக்கு மட்டும் உரியதாயிற்று. பழைய பொருள் முற்றாக மறையவும் இல்லை: தட்டையாக விரிந்த நாண்விரிப்பை இன்றும் உலகம் முழுவதும் 'அப்போநியூரோசிஸ்' என்றே அழைக்கிறார்கள், அதில் நரம்புக்கு ஒரு வேலையும் இல்லை. கிரேக்கர்கள் ஒரு கட்டத்தில் பிரித்துக்கொண்டார்கள், நாம் இன்னும் பிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வேறுபாடு நோயாளிக்கு ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தசைக்கு இரத்த ஓட்டம் அதிகம், ஆகவே தசை நார்களில் ஏற்படும் சிறு கிழிசல் விரைவில் ஆறும். நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, மெதுவாகவே ஆறும். ஆனால் அது ஆறுவதற்கே அளவான பளு தேவை, அசையாமல் வைத்தால் நலிந்துபோகும். எலும்பையும் எலும்பையும் கட்டும் மூட்டு நார் கிழிந்தால் மூட்டு நிலைகொள்ளாமல் ஆடும். சில நேரம் பட்டை கட்டிக் காக்க வேண்டும், சில நேரம் அறுவை சிகிச்சை வேண்டும். நரம்பு அறுந்தாலோ மரத்துப்போகும், மதமதப்பு இருக்கும், அந்த நரம்பு இயக்கும் தசை செயலிழக்கும், மீண்டும் வளர்வதும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் என்ற வேகத்தில்தான். நான்கிற்கும் வைத்தியம் வேறு, காத்திருக்கும் காலம் வேறு, அஞ்ச வேண்டிய அளவும் வேறு. நான்கையும் ஒரே பெயரால் சொன்னால், நோயாளி அவற்றுள் மிகக் கொடியதையே கற்பனை செய்துகொள்வார்.

எழுத்துத் தமிழ் இதைவிடத் தெளிவாக இருக்கிறதா என்றால், என் மனத்தாங்கல் அங்கேதான் கூடுகிறது. 'தசைநார்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கால்பந்து வீரருக்கு முழங்காலில் காயம் என்றால் செய்தித்தாளில் "தசைநார் கிழிவு" என்று வரும். அங்கே அது எலும்புகளைக் கட்டும் நாரைக் குறிக்கிறது. ஓட்டக்காரருக்குக் குதிகாலில் காயம் என்றாலும் "தசைநார்" என்றே வரும். இங்கே அது நாண். 'தசைநார் சிதைவு நோய்' என்று எழுதும்போதோ அது தசையின் இழைகளையே குறிக்கிறது. நான் பள்ளியில் படித்தபோது, தசையை எலும்போடு இணைப்பது தசைநாண், எலும்பை எலும்போடு இணைப்பது தசைநார் என்று மனப்பாடம் செய்தேன். முதல் சொல் அருமையானது: வில்லில் நாண் செய்யும் வேலையைத்தான் உடலில் அதுவும் செய்கிறது, இழுவிசையைக் கொண்டுசேர்க்கிறது. இரண்டாவது சொல்லை நான் ஏற்கவில்லை. எலும்புக்கும் எலும்புக்கும் இடையே இருக்கும் ஒரு கட்டில் தசையே கிடையாது என்னும்போது அதன் பெயரில் தசை எதற்கு? நான் என் நோயாளிகளிடம் அதை 'மூட்டு நார்' என்றே சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவரும் அதை ஒரே முறையில் புரிந்துகொள்கிறார்.

பேச்சு வழக்கில் இதற்கு 'ஜவ்வு' என்ற சொல் ஏற்கெனவே வலுவாக இருக்கிறது என்று நண்பர்கள் சொல்வார்கள். "முட்டி ஜவ்வு கிழிஞ்சிருச்சு" என்று சொல்லாத விளையாட்டு வீரர் நம் ஊரில் இல்லை. ஆனால் முழங்காலில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்தாலும் ஜவ்வு தேய்ந்தது என்கிறோம், முதுகில் எலும்புகளுக்கிடையே உள்ள தட்டு பிதுங்கினாலும் ஜவ்வு விலகியது என்கிறோம். நரம்புக்கு நேர்ந்ததே ஜவ்வுக்கும் நேர்ந்திருக்கிறது.

தசைச் சிதைவைப் பற்றி இன்னும் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஐந்து வயதுச் சிறுவனை அழைத்து வந்தார்கள். தரையிலிருந்து எழும்போது தன் கைகளைத் தன் தொடைகளிலேயே ஊன்றி ஏறி எழுந்தான். கெண்டைக்கால்கள் மட்டும் பெருத்து, பயில்வானுடைய கால்கள் போல் இருந்தன. டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உருவாகாததால் தசை இழைகள் படிப்படியாக அழியும் டூஷேன் வகை நோயின் அறிகுறிகள் அவை. அந்தப் பெருத்த கெண்டையில் இருப்பது பலம் அல்ல, அழிந்த தசையின் இடத்தை நிரப்பிய கொழுப்பும் நார்த்திசுவும்தான். முதலில் 'நரம்புத் தளர்ச்சி' என்று ஓராண்டு டானிக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு யாரோ 'தசைநார் சிதைவு' என்றதும், ஏதோ ஒரு நார் அறுந்திருக்கிறது, தைத்துவிடலாம் என்று அந்தத் தகப்பனார் நம்பியிருக்கிறார். அவர் என்னிடம், "எந்த நார் சார், எந்த இடத்துல?" என்று கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அரசின் உதவித்தொகைத் திட்டத்தில் 'தசைச்சிதைவு நோய்' என்று சரியாகவே எழுதியிருக்கிறார்கள். ஊடகங்களும் மருத்துவமனைகளும் அதையே எழுதினால் போதும்.

ஐரோப்பியர்களுக்கும் இது எளிதாக வாய்த்துவிடவில்லை. 1543-இல் வெசாலியஸ் என்ற மருத்துவ அறிஞர் உடற்கூற்றைப் புதிதாக வரைந்து காட்டியபோது தசைகளுக்குப் பெரும்பாலும் பெயரிடாமல் எண்களே கொடுத்தார். பின்வந்தவர்கள் ஆளுக்கொரு பெயர் வைக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உடலின் சுமார் 5,000 பகுதிகளுக்கு ஏறத்தாழ 50,000 பெயர்கள் புழங்கின. 1895-இல் உடற்கூற்று அறிஞர்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடிப் பட்டியலை ஒழுங்குபடுத்தினார்கள். அப்படி நிலைபெற்ற பெயர்களைப் பெயர்த்துப் பார்த்தால், பல மிக எளியவை. லத்தீனில் 'மஸ்குலஸ்' என்றால் சுண்டெலி. தோலுக்கடியில் எலி ஓடுவது போலத் தோன்றியதாம். கெண்டைக்காலின் பெரிய தசைக்குக் கிரேக்கர் வைத்த பெயர் 'காலின் வயிறு'. அதற்கு அடியிலுள்ள தசையின் பெயர், செருப்பையும் அதைப் போன்ற தட்டை மீனையும் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உடலிலேயே நீளமான தசைக்குத் தையற்காரரின் பெயர், அவர் கால் மடக்கி உட்காரும் விதத்தால்.

நம்மவர்களும் அந்த இடத்தைப் பார்த்து மீனைத்தான் நினைத்தார்கள். கெண்டைக்கால் என்ற சொல்லில் நீந்துவது கெண்டை மீன். சில ஊர்களில் அதையே ஆடுசதை என்கிறார்கள், நடக்கும்போது ஆடுவதால். தசைப்பிடிப்புக்குக் குரக்குவலி என்ற சொல் இருந்தது. வலியைச் சொல்லக் குடைச்சல், உளைச்சல், கடுப்பு, குத்தல், இழுப்பு, தெறிப்பு என்று எத்தனை! கால் உளைச்சல் என்று ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் களைத்த தசை என்றும், சுரீரென்று தெறித்து விரல் வரை ஓடுகிறது என்றால் நரம்பைச் சோதிக்க வேண்டும் என்றும் எனக்கு உடனே தோன்றிவிடும். இத்தனை நுட்பமான சொற்களை வைத்திருக்கும் மக்களிடம் "தமிழில் சொன்னால் புரியாது" என்று சொல்பவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

இந்தப் பாதையில் நமக்கு முன் ஒருவர் நடந்திருக்கிறார். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூற்றியல் முதல் அறுவை மருத்துவம் வரை பாடநூல்களைத் தமிழாக்கினார். உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்' என்ற பெயர் அந்த நூல்களில் வருவது. அவருடைய சொற்களில் வடமொழி மிகுதி என்பது உண்மை. ஆயினும் ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று அமர்ந்து முடிவுசெய்த அந்த உழைப்பு, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நமக்குக் கைவரவில்லை. இன்று இலங்கை மாணவர் கலம், இழையம், வன்கூட்டுத் தசை, மழமழப்பான தசை, பிரிமென்றகடு என்று படிக்கிறார். தமிழ்நாட்டு மாணவர் செல், திசு, எலும்புத் தசை, மென்தசை, உதரவிதானம் என்று படிக்கிறார். இரு பக்கத்துச் சொற்களிலும் நல்லவை இருக்கின்றன. 'மழமழப்பான தசை' என்பதைக் கேட்டவுடன் வரிகளற்ற அந்தக் குடல் தசை கண்முன் வந்து நிற்கிறது.

அறுநூறுக்கும் மேற்பட்ட தசைகள் அனைத்திற்கும் நாளையே தமிழ்ப் பெயர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சுப்ராஸ்பைனேட்டஸ் அப்படியே இருக்கட்டும். இருதலைத் தசை, முத்தலைத் தசை, கெண்டைத் தசை ஆகியவை ஏற்கெனவே நன்றாகப் பொருந்துகின்றன. நான் கேட்பது தசை, நாண், மூட்டு நார், நரம்பு என்ற நான்கைத்தான். ஸ்கேன் அறிக்கையை நோயாளியின் கையில் கொடுக்கும் எவரும் இந்த நான்கில் எது பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். அசைக்கலாமா கூடாதா என்பதையும் அதே வரியில் சேர்க்க வேண்டும். என் அறையில் வரும் ஒவ்வொருவருக்கும் நான் இப்போது அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறேன். மாவு அரைக்கும் அக்காவின் சீட்டில் எழுதியது இது: "வலது தோள், நாணில் சிறு கிழிசல், நரம்பு நலம், கையை அசைக்க வேண்டும்." அதை அவர் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.