பூட்டிய பெட்டிக்குள் கட்டற்ற மென்பொருள்

என் மேசை ஓரத்தில் ஒரு ரூட்டர் கிடக்கிறது. ஐந்து வருடப் பழசு, ஆனால் வன்பொருளில் ஒரு குறையும் இல்லை. தயாரித்த நிறுவனம் அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தருவதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். பெட்டியோடு வந்த காகிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஓடுவது லினக்ஸ், ஜிபிஎல் உரிமத்தின்படி மூலநிரல் வேண்டுவோர் இந்த முகவரிக்கு எழுதலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. (லினக்ஸ் என்பது யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தக்கூடிய இயங்குதளம், ஜிபிஎல் அதன் உரிமம், மூலநிரல் என்பது நிரலர் எழுதும் வடிவம்.) எழுதினேன். மூன்று வாரம் கழித்து, இரண்டு முறை நினைவூட்டிய பிறகு, ஒரு சுருக்கக் கோப்பு வந்தது.

ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, தெரிந்த பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைத்து, கருவி இயக்கும் வடிவத்துக்கு மாற்றி (கம்பைல் செய்து), ரூட்டரில் ஏற்றினேன். பாதிவரை போனது. அப்புறம் சிவப்பு விளக்கு. திரையில் ஒரே வரி: கையொப்பம் பொருந்தவில்லை. நிறுவனம் தன் ரகசியச் சாவியால் டிஜிட்டல் கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் பதிந்து ஓடும் மென்பொருளைத் தவிர வேறு எதையும் அந்தப் பெட்டி ஏற்காதாம். மூலநிரல் என் கையில், ரூட்டர் என் மேசையில், இரண்டையும் சேர்க்க மட்டும் வழியில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அன்றைக்குத்தான் அனுபவித்து உணர்ந்தேன்.

கட்டற்ற மென்பொருள் என்றதும் நாம் ஒப்பிக்கும் நான்கு சுதந்திரங்கள் தெரிந்தவைதான். எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், படித்துப் பார்த்து மாற்றலாம், நகல் கொடுக்கலாம், மாற்றிய வடிவத்தையும் பகிரலாம். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இவற்றை 0, 1, 2, 3 என்று எண்ணிட்டார். பூஜ்யத்திலிருந்து எண்ணும் நிரலர் குறும்பு என்று நினைத்திருந்தேன். காரணம் வேறு. பட்டியலில் முதலில் மூன்றுதான் இருந்தன. 'இயக்கும் சுதந்திரம்' சொல்லாமலே விளங்கும் என்று விட்டுவிட்டார்கள். விளங்கவில்லை என்று தெரிந்ததும் 1990களில் அதைச் சேர்த்தார்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பதால் ஒன்றுக்கு முன்னால் வைக்க வேண்டியதாயிற்று, பூஜ்யம் வந்தது. சொல்லாமலே விளங்கும் என்று விட்டதெல்லாம் பிறகு எழுதிச் சேர்க்க வேண்டியதாகிறது. என் ரூட்டர் கதையும் அதேதான்.

இந்த விஷயம் முதலில் பெரிதாக வெடித்தது டிவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுக் கருவியில். அதற்குள்ளும் லினக்ஸ். ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின்படி மூலநிரலையும் வெளியிட்டார்கள். ஆனால் நீங்கள் மாற்றிய நிரலை ஏற்றினால் கருவி அதை ஓட்டாது. இந்த வித்தைக்கு டிவோவாக்கம் என்றே பெயர் வந்துவிட்டது. 1991இல் எழுதிய இரண்டாம் பதிப்பு, நிரலை நிறுவுவதைக் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்டுகளையும் (சிறு கட்டளைக் கோப்புகளையும்) சேர்த்துத் தர வேண்டும் என்கிறது. அதில் ரகசியச் சாவியும் அடங்குமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 2007 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்புதான் இதை நேராகவே கேட்டது: வீட்டு உபயோகப் பொருளில் இந்த மென்பொருளை வைத்து விற்றால், மாற்றிய வடிவத்தை அதே பொருளில் நிறுவி ஓட்டுவதற்குத் தேவையான தகவலையும், சாவி வேண்டுமென்றால் அதையும், கொடு.

லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதை ஏற்கவில்லை. நான் கேட்பது நிரலைத்தான், உன் வன்பொருளை எப்படிச் செய்கிறாய் என்பது உன் பாடு என்பது அவர் நிலை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் இன்றுவரை இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது. அவர் நோக்கில் நியாயம் உண்டு: மாற்றங்கள் அவருக்குத் திரும்பி வந்தால் போதும், கர்னல் வளரும். ஆனால் அது நிரலருக்கும் நிரலருக்கும் இடையிலான கணக்கு. பெட்டியை வாங்கியவர் அந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. உரிமம் யாருக்காக எழுதப்படுகிறது என்ற கேள்வியில் நான் வாங்கியவர் பக்கம்தான்.

உடனே ஒரு பதில் வரும்: பூட்டு இல்லையென்றால் கண்டவனும் உள்ளே நுழைவான், பாதுகாப்பு போய்விடும். சரி, பூட்டு இருக்கட்டும். சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்றுதானே கேட்கிறேன்? என் ரூட்டரில் ஓட்டையை அடைக்க விடாமல் தடுத்ததும் அதே பூட்டுதான்.

இதற்கு எதிர்மாறாக நடந்ததும் உண்டு. 2003இல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டருக்குள் லினக்ஸ் இருப்பது தெரியவந்தது. மூலநிரலைக் கொடு என்று நெருக்கினார்கள், நிறுவனமும் வெளியிட்டது. அந்த ரூட்டரில் மாற்றிய ஃபர்ம்வேரை ஏற்றவும் முடிந்தது. 2004இல் அதிலிருந்து ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற ரூட்டர் ஃபர்ம்வேர் பிறந்தது. பெயரிலேயே அந்த மாடல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தயாரித்தவர்கள் கைகழுவிய எத்தனையோ ரூட்டர்கள் இன்றும் அதனால்தான் உயிரோடு இருக்கின்றன.

'எனக்கு நிரல் எழுதத் தெரியாது, எனக்கெதற்கு இதெல்லாம்?' என்பவர்களுக்கு: தைக்கத் தெரியாதவரும் சட்டையைத் தையற்காரரிடம் கொடுத்து அளவு சரிசெய்துகொள்கிறார். விற்ற கடை மட்டுமே அதைத் தொடலாம் என்று யாராவது சொன்னால் சும்மா இருப்பீர்களா?

எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம் என்ற அந்தப் பூஜ்யத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதில் கைவைப்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். ஜேசான் என்ற தரவுப் பரிமாற்ற வடிவத்தைப் பிரபலமாக்கிய டக்ளஸ் கிராக்ஃபோர்டின் ஜேசான் உரிமத்தில், இந்த மென்பொருளை நன்மைக்குப் பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல என்று ஒரு வரி உண்டு. படிக்க அழகாக இருக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் அதைக் கட்டற்றதாக ஏற்கவில்லை. எனக்கும் முதலில் கோபம் வந்தது, தீமைக்கு வக்காலத்தா என்று. பிறகு யோசித்தால், எது தீமை என்று தீர்மானிப்பவர் உரிமத்தை எழுதியவர். நாளைக்கு அந்த உரிமம் வேறொருவர் கைக்குப் போனால் தீமையின் பட்டியலும் மாறும். குற்றத்தைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது, அந்த வேலையை உரிமத்தின் தலையில் கட்ட வேண்டாம்.

சேவையகத்தில், அதாவது வலை வழியாக நாம் அணுகும் வேறொருவர் கணினியில், ஓடும் மென்பொருள் தனிக் கதை. அங்கே பெட்டியே நம்மிடம் இல்லை. 2007 நவம்பரில் வந்த, ஜிபிஎல்லின் கிளை உரிமமான ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, மென்பொருளை மாற்றி வலை வழியாகச் சேவை தருபவர், அதைப் பயன்படுத்துவோருக்கு மூலநிரலைத் தர வேண்டும் என்கிறது. அது நல்லதுதான், ஆனால் மூலநிரல் கிடைத்தாலும் என் தரவு அவர்கள் கணினியில்தானே கிடக்கிறது? அதை எந்த மென்பொருள் உரிமமும் முழுதாகத் தீர்க்கும் என்று நான் நம்பவில்லை.

இன்னொன்று. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்றால் விலையில்லாததா, விடுதலையா என்று அவர்கள் பல வருடமாக விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். நமக்குக் 'கட்டற்ற' என்று தெளிவான சொல் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நாமும் 'இலவச மென்பொருள்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் புது ரூட்டர் வாங்கினேன். வேகம், ஆன்டெனா எல்லாம் பிறகு. முதலில் ஓப்பன்டபிள்யூஆர்டியின் வன்பொருள் பட்டியலைத் திறந்து, அந்த மாடலும் அதே வன்பொருள் பதிப்பு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்தேன். பெட்டியைப் பிரித்த அன்றே அதை ஏற்றினேன். விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது.