மேக்னீட்டோவின் கையில் இருக்கும் எண்ணை அழித்துவிடாதீர்கள்

பிறவியிலேயே விசேஷ சக்தி பெற்ற 'மியூட்டன்ட்'களின் அணிதான் மார்வெல் காமிக்ஸின் எக்ஸ்-மென். அந்தப் படங்களை முதலிலிருந்து மறுபடி தொடங்கப் போகிறார்கள். இது இனி வதந்தி இல்லை. 'சீக்ரெட் வார்ஸ்' என்ற அவெஞ்சர்ஸ் படம் முடிந்ததும் எக்ஸ்-மென் பாத்திரங்களுக்குப் புதிய நடிகர்கள் வருவார்கள் என்று 2025 ஜூலையில் மார்வெல் ஸ்டூடியோஸ் தலைவர் கெவின் ஃபைகியே சொல்லிவிட்டார். இளைஞர்களை மையமாக வைத்த படம், இயக்கம் ஜேக் ஷ்ரையர். அன்றிலிருந்து நான் இருக்கும் எல்லாக் குழுக்களிலும் ஒரே கேள்விதான்: ஹ்யூ ஜாக்மனுக்குப் பிறகு அந்த அணியின் பிரபல வீரன் வுல்வரினாக நடிக்கப்போவது யார்?

எனக்கு அந்தக் கவலை கொஞ்சமும் இல்லை. 2000இல் வந்த முதல் படத்தில் வுல்வரினாக ஒப்பந்தமானவர் டக்ரே ஸ்காட். 'மிஷன் இம்பாசிபிள் 2' படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போனதால் அவரால் வர முடியவில்லை. கடைசி நேரத்தில் உள்ளே வந்தவர்தான் ஜாக்மன். காமிக்ஸ் வுல்வரின் ஐந்தடி மூன்று அங்குலம். இவர் ஆறடியைத் தாண்டியவர். இந்த ஆள் எப்படி என்று அன்றைக்கும் கேட்டார்கள். 24 வருடம் கழித்து 2024இல் 'டெட்பூல் & வுல்வரின்' படத்தில் அவர் மஞ்சள் உடையில் வந்து நின்றபோது அது 130 கோடி டாலரைத் தாண்டி வசூலித்தது. நல்ல நடிகர் எங்கிருந்தாவது வந்துவிடுவார்.

என் தூக்கத்தைக் கெடுப்பது வேறு. எக்ஸ்-மென்னின் பரம எதிரி, இரும்பை வளைக்கும் சக்தி கொண்ட மேக்னீட்டோவின் சிறுவயதை இவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்?

முதல் படத்தை நான் பார்த்தது பதினான்கு வயதில், வாடகைக்கு எடுத்த சிடியில். சூப்பர்ஹீரோ படம் என்று உட்கார்ந்தால் முதல் காட்சியில் மழை, சேறு, மஞ்சள் நட்சத்திரம் குத்திய கோட்டுகளோடு வரிசையில் மனிதர்கள். போலந்து, 1944. ஒரு சிறுவனை அம்மா அப்பாவிடமிருந்து பிரிக்கிறார்கள். அவன் கை நீட்டிக் கதறும்போது முகாமின் இரும்புக் கதவு வளைகிறது. அந்த நட்சத்திரம் என்னவென்று எனக்குத் தெரியாது. மறுநாள் வரலாற்று வாத்தியாரிடம் போய்க் கேட்டேன். பாடப்புத்தகத்தில் நாலு வரியில் முடிந்திருந்த விஷயத்தை, இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் நிறுத்தாமல் அவர் சொன்னார். யூதர்களை அடையாளம் காட்ட நாஜிகள் குத்தவைத்த நட்சத்திரம் அது. யூதர்களை லட்சக்கணக்கில் கொன்ற, கைதிகளின் கையில் எண்ணைப் பச்சை குத்திய ஆஷ்விட்ஸ் முகாமின் பெயரை நான் முதலில் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தச் சிறுவன்தான் மேக்னீட்டோ. அதற்கப்புறம், வளர்ந்து கிழவரான அவர் திரையில் எத்தனை பேரைக் கொன்றாலும் என்னால் அவரை வெறும் வில்லனாகப் பார்க்க முடியவில்லை. இயன் மெக்கெல்லன் குரல் உயர்த்தாமல் பேசும் ஒவ்வொரு இடத்திலும் எனக்கு அந்தச் சிறுவன் தெரிவான். மியூட்டன்ட்களைப் பதிவு செய்ய அரசு பட்டியல் போடப் போகிறது என்றதும் அவருக்கு ஏன் ரத்தம் கொதிக்கிறது என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பட்டியல் எங்கே போய் முடியும் என்று பார்த்தவர் அவர்.

இந்தப் பின்கதை ஆரம்பத்திலேயே இருந்ததில்லை என்பதுதான் ஆச்சரியம். 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் முதல் இதழைக் கொண்டுவந்தபோது மேக்னீட்டோ ராணுவ ஏவுகணைத் தளத்தைப் பிடிக்க வந்த ஒரு சாதாரணக் கெட்டவன். ஊர் பேர் இல்லை, கடந்த காலம் இல்லை. அதை மாற்றியவர் கிறிஸ் கிளேர்மான்ட். இளம் வயதில் இஸ்ரேலில் ஒரு கிபுட்ஸில், அதாவது கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில், தங்கி வேலை செய்தவர் அவர், நாஜி முகாம்களிலிருந்து உயிரோடு வந்தவர்களை நேரில் பார்த்தவர். 1981இல் 150ஆவது இதழ். சண்டை உச்சத்தில் இருக்கும்போது மேக்னீட்டோ ஓங்கி அடிக்கிறான். விழுவது எக்ஸ்-மென் அணியின் கிட்டி பிரைட், பதின்மூன்று பதினான்கு வயது யூதச் சிறுமி. செத்துவிட்டாள் என்று நினைத்து அப்படியே உறைந்து நிற்கிறான். ஆஷ்விட்ஸைப் பற்றி அவன் வாய் திறப்பது அங்கேதான். தன்னை அழிக்க வந்தவர்களைப் போலத் தானே ஆகிவிட்டேனா என்று ஒரு மனிதன் தன்னைப் பார்த்து அதிரும் பக்கம் அது. சூப்பர்ஹீரோ காமிக்ஸில் அதைவிடப் பெரிய பக்கம் எனக்குத் தெரியாது.

அதன் தொடர்ச்சியாக 1985இல், 200ஆவது இதழில், அவன் விசாரணைக்கு நிற்கிறான். எக்ஸ்-மென்னின் தலைவர் சார்லஸ் சேவியரின் பள்ளிக்கே பொறுப்பாசிரியராகிறான். 2024இல் வந்த 'எக்ஸ்-மென் 97' கார்ட்டூனில் அதே இழையைத்தான் எடுத்தார்கள். மியூட்டன்ட்களின் தீவு நாடான ஜெனோஷாவில் கொண்டாட்டத்தின் நடுவே, அவர்களை வேட்டையாடும் ராட்சத ரோபோவான சென்டினல் வந்து இறங்கும் ஐந்தாவது அத்தியாயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தன் மக்கள் கண்ணெதிரே அழிவதை இரண்டாம் தடவை பார்க்கும் மனிதனின் முகம் அது. முதல் தடவை என்னவென்று தெரியாவிட்டால் அந்தக் காட்சியில் பாதி இல்லை.

சரி, சிக்கல் எங்கே? கணக்கில். 1944இல் பன்னிரண்டு வயது என்றால் இன்றைக்குத் தொண்ணூறைத் தாண்டிவிடும். அந்த வயதில் ஒருவரை இன்னும் பத்து வருடம் படங்களில் பறக்கவைக்க முடியாது என்கிறார்கள். அதனால் இணையத்தில் இரண்டு யோசனைகள் சுற்றுகின்றன. ஒன்று, அவனை வேறொரு நாட்டின், பிற்காலத்து இனப்படுகொலையிலிருந்து தப்பியவனாக மாற்றுவது. இன்னொன்று, ஏதோ ஒரு கற்பனை நாட்டில் ஏதோ ஒரு போர் என்று பொதுவாக விட்டுவிடுவது.

இரண்டாவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கற்பனை நாட்டின் கற்பனைப் பிணங்களுக்காக யாருக்கும் கண்ணீர் வராது.

முதல் யோசனையைச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ருவாண்டாவில் 1994இல் நடந்ததும் மனிதகுலம் மறக்கக் கூடாததுதான். அங்கிருந்து ஒரு மியூட்டன்ட் வரட்டும், அவனுக்கென்று ஒரு பெயர், ஒரு கோபம், ஒரு படம் வரட்டும், முதல் நாள் முதல் காட்சி நான் போகிறேன். ஆனால் ஒரு இனத்தின் சாவைக் கழற்றிவிட்டு இன்னொரு இனத்தின் சாவை மாட்டுவது, நடிகனுக்குச் சட்டை மாற்றுகிற மாதிரி, இரண்டு பக்கத்து இறந்தவர்களுக்கும் மரியாதை இல்லை. எக்ஸ்-மென்னை உருவாக்கிய லீ, கிர்பி இருவருமே யூதர்கள். வேர் அங்கே இருக்கிறது.

வயதுக்கு வழி இல்லாமலா போய்விட்டது? காமிக்ஸில் இதைப் பல வருடம் முன்பே தீர்த்துவிட்டார்கள். 1974இல் ஒரு கதையில் அவன் கைக்குழந்தையாக மாற்றப்படுகிறான், 1977இல் திரும்ப வளர்த்தெடுக்கும்போது முழு இளமையோடு எழுகிறான். படத்துக்கு அவ்வளவு சுற்று வழி கூட வேண்டாம். வுல்வரின் 1845இல் சிறுவனாக இருந்ததை 2009 படம் காட்டியது, ஒருவரும் கணக்குக் கேட்கவில்லை. உருமாறும் மியூட்டன்ட் மிஸ்டீக்கின் செல்கள் பாதி வேகத்தில்தான் முதுமை அடையும் என்று 2011 படத்தில் விஞ்ஞானி ஹேங்க் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறான். அதே ஒரு வரி மேக்னீட்டோவுக்குக் கிடைக்காதா?

இதைவிடப் பெரிய சாட்சி மார்வெலின் சொந்த வீட்டிலேயே இருக்கிறது. ஸ்டீவ் ராஜர்ஸ். நாஜிகளை எதிர்த்துப் போரிட்ட சிப்பாய் என்பதுதான் கேப்டன் அமெரிக்காவின் உயிர் என்று தெரிந்துதான், ஏறத்தாழ எழுபது வருடம் அவரைப் பனிக்குள் உறையவைத்து இந்த நூற்றாண்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவரை ஈராக்கிலிருந்து திரும்பிய வீரராக மாற்றலாம் என்று 2011இல் அவர்கள் முடிவெடுக்கவில்லை. நாஜிகளோடு போரிட்டவருக்குச் செய்ததை, நாஜிகள் அடைத்துவைத்த சிறுவனுக்கும் செய்யுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

முதலிலிருந்து தொடங்கும் ரீபூட்டே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. நாம் கொண்டாடும் எக்ஸ்-மென்னே ஒரு ரீபூட்டில் வந்ததுதான். 1970இல் விற்பனை படுத்து, பழைய கதைகளையே திரும்ப அச்சடிக்கும் நிலைக்கு வந்த இதழ் அது. 1975இல் லென் வீனும் டேவ் காக்ரமும் கென்ய வேரோடு ஸ்டார்ம், ஜெர்மனியிலிருந்து நைட்கிராலர், ரஷ்யாவிலிருந்து கொலோசஸ் என்று புதிய அணியைக் கொண்டுவந்தார்கள். அதைக் கையில் எடுத்த கிளேர்மான்ட் 1991 வரை எழுதினார். இதுவரை ஃபாக்ஸ் நிறுவனம் எடுத்த எக்ஸ்-மென் படங்களின் காலக்கணக்கோ சீர்செய்ய முடியாத அளவுக்குப் போய்விட்டது. 2019 'டார்க் ஃபீனிக்ஸ்' கதை நடப்பது 1992இல். அப்படியானால் மேக்னீட்டோவுக்கு அறுபதாவது ஆகியிருக்க வேண்டும். திரையில் மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நாற்பதில் நிற்கிறார். துடைத்துவிட்டுத் தொடங்குவது சரிதான்.

ஆனால் பொறுமை வேண்டும். அணியின் ஜீன் கிரே, ஃபீனிக்ஸ் என்ற அழிவு சக்தியாக மாறும் கதையை 2006இல் ஒருமுறை, 2019இல் ஒருமுறை, இரண்டு தடவை எடுத்துக் கெடுத்தார்கள். கிளேர்மான்ட் 1976இல் ஜீன் கிரேயை ஃபீனிக்ஸாக எழுப்பி, 1980இல்தான் சாகவிட்டார். நான்கு வருடம் நம்மோடு வாழ்ந்த பெண் என்பதால்தான் நிலவில் தன்னையே அழித்துக்கொள்ள அவள் எடுக்கும் முடிவு அப்படி வலித்தது. இரண்டு மணி நேரத்தில் அந்த வலி வராது. மேக்னீட்டோவுக்கும் இதேதான். முதல் படத்திலேயே உலகத்தை அழிக்க அவரை அனுப்பாதீர்கள். 2016இல் அவரையே ஆஷ்விட்ஸுக்குக் கூட்டிப்போய் அந்த இடத்தைத் தூள் தூளாக்கி ஒரு கிராஃபிக்ஸ் காட்சி எடுத்தார்கள். தியேட்டரில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நினைவிடமாக நிற்கும் இடம் அது. வெடிக்கவைத்துக் காட்டுகிற இடமா?

அந்த முகாம்களிலிருந்து உயிரோடு வந்தவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே இருக்கிறார்கள். "நான் பார்த்தேன்" என்று சொல்ல இன்னும் சில காலத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அப்போதும் ஏதோ ஒரு ஊரில் பதினான்கு வயதுப் பையனோ பெண்ணோ இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அந்த நட்சத்திரம் என்னவென்று யாரிடமாவது கேட்க வேண்டும். எனக்கு நடந்தது அவர்களுக்கும் நடக்க வேண்டும்.

ஷ்ரையரிடம் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்தால் நான் கேட்பது ஒரே ஒரு காட்சி. காமிக்ஸில் இருக்கிறது, இதுவரை எந்தப் படத்திலும் வரவில்லை. 1982இல் வந்த 161ஆவது இதழ். இஸ்ரேலில், ஹைஃபாவில், முகாம்களிலிருந்து மீண்டு மனம் உடைந்துபோனவர்களுக்கான ஒரு மருத்துவமனை. சார்லஸும் மேக்னீட்டோவும் சந்திப்பது அங்கேதான். இருவருக்கும் உடையும் பெயரும் எதுவும் இன்னும் வரவில்லை. அந்த நோயாளிகளுக்கு உதவ வந்த இரண்டு இளைஞர்கள். இரவு நெடுநேரம் பேசுகிறார்கள், மனிதர்கள் நம்மை ஏற்பார்களா மாட்டார்களா என்று. ஒருவன் ஏற்பார்கள் என்கிறான். இன்னொருவன் பதில் சொல்வதற்கு முன் சட்டைக் கையை மடித்துவிடட்டும். கேமரா அந்த எண்ணில் கொஞ்ச நேரம் நிற்கட்டும்.