அத்தானின் ஓட்டோ யாத்திரை

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை ஏறக்குறைய 700 கிலோமீற்றரை வெள்ளைக்காரர்கள் ஓட்டோவிலேயே ஓடி முடிப்பதை அத்தான் எங்கேயோ பார்த்துவிட்டார். பிறகென்ன, வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக் கலியாணத்துக்குப் போக எங்களுக்கு பஸ் வேண்டாமாம்!

ஓமந்தை தாண்டுவதற்குள் இடுப்பு விட்டுப்போனது. பின்னால் மூன்று பேர், என் மடியில் பலகாரப் பெட்டி. ஏ9 வீதியில் லொறி ஒவ்வொன்றும் முந்தும்போது ஓட்டோ ஒருபக்கம் சரிகிறது, அக்கா கந்தனைக் கூப்பிடுகிறார். ஒரு மணி நேரம் வாரிய தலை மாங்குளத்தில் குருவிக்கூடு.

முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம், கச்சான் வாங்கினோம். அந்தக் கச்சான் மட்டும்தான் இந்தப் பயணத்தில் உருப்படியானது. அதைக் கொறித்துக்கொண்டே அத்தான் சொல்கிறார்: “அடுத்தது இராமேஸ்வரம்!”

கடலுக்கு மேலாலும் ஓட்டோ போகுமா, அத்தான்?