யோகேஷ் கதுனியாவோட டிஸ்கஸ் பத்தியும் கொஞ்சம் பேசுங்கப்பா

பாராலிம்பிக்ஸ்ல டிஸ்கஸ் (வட்டு) எறியுற நம்ம இந்திய வீரர் யோகேஷ் கதுனியான்னு பேர் வந்தாலே நம்ம டைம்லைன்ல சுத்துறது ஒரே கதைதான். ஒம்பது வயசுல குய்லன்-பாரே சிண்ட்ரோம்னு நரம்பைத் தாக்குற நோய் வந்து கைகால் செயலிழந்து போச்சு, அவங்க அம்மா பிசியோதெரபி கத்துக்கிட்டு புள்ளைய திரும்ப நடக்க வச்சாங்க. படிச்சா தொண்டை அடைக்கும்தான், அந்தம்மாவுக்கு ஒரு பெரிய கும்பிடு. ஆனா அவர் எப்படி எறியுறார்னு ஒருத்தர் கூட எழுத மாட்றீங்களே!

அவர் எறியுற F56 டிஸ்கஸ்னா (உக்காந்து எறியுற பாரா பிரிவுகள்ல ஒண்ணு) என்னன்னு தெரியுமா? தரையோட இறுக்கிக் கட்டின ஒரு ஃப்ரேம், குஷனோட சேர்த்து 75 செ.மீ.க்கு மேல உயரம் இருக்கக் கூடாது, அதுல பெரும்பாலும் பெல்ட் போட்டு, உக்காந்துதான் எறியணும், எறியுறப்போ சீட்ட விட்டு எந்திரிச்சா ஃபவுல். நின்னு எறியுறவங்க ஒரு சுத்து சுத்தி வேகம் எடுப்பாங்கல்ல, அது இங்க கெடையாது, இடுப்புக்கு மேல இருக்குற திருகலும் தோளும் கையும் மட்டும்தான். இன்னொரு கொடுமை, ஒருத்தரை உக்கார வச்சுக் கட்டவே நேரமாகும்ங்கிறதால அவரோட த்ரோ எல்லாத்தையும் அடுத்தடுத்து முடிச்சிட்டுதான் அடுத்த ஆளு. முடிச்சுட்டு ஓரமா உக்காந்து மத்தவங்க நம்ம தூரத்தை தாண்டுறாங்களான்னு பாத்துட்டே இருக்கணும், பதிலுக்கு எறிய வாய்ப்பே இல்ல.

இப்ப டோக்கியோ பாராலிம்பிக்ஸ பாருங்க. டெல்லி காலேஜுக்குப் போனப்புறம்தான் டிஸ்கஸ் பக்கமே வந்தவர், 2019 துபாய் பாரா உலக சாம்பியன்ஷிப்ல வெண்கலம், அப்புறம் ஒரு வருஷம் கோச்சே இல்லாம பிராக்டிஸ் பண்ணி (இதை அவரே சொன்னார், ஒரு நாட்டுக்கே வெட்கக்கேடு) 24 வயசுல டோக்கியோ போறார். அங்க கை ஓய்ஞ்சு போற கடைசி த்ரோல, ஆறாவதுல, 44.38 மீட்டர், வெள்ளி. இது பரிதாபப்பட வேண்டிய விஷயமா? நெர்வ்ஸ்னா இதான்யா நெர்வ்ஸ்! 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸ்ல இன்னொரு இந்தியர் தரம்பீரும் அப்படித்தான், கிளப் த்ரோல (சின்ன மரக்கட்டை மாதிரி ஒண்ண எறியுறது) மொத நாலும் ஃபவுல், அஞ்சாவதுல 34.92, தங்கம். இதெல்லாம் ஐபிஎல்ல நடந்திருந்தா ஒரு வாரம் ரீல்ஸ் ஓடியிருக்கும்.

பாராட்டுற மாதிரியே குறையும் சொல்லணும், அப்பதான் அவர விளையாட்டு வீரரா மதிக்கிறோம்னு அர்த்தம். பாரிஸ்ல யோகேஷோட மொத த்ரோ 42.22, அதோட சரி, அடுத்து எதுவும் அதை தாண்டல. டோக்கியோவ விட ரெண்டு மீட்டர் கம்மி. மறுபடி வெள்ளி. நடுவுல ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டுலயும் கோபே பாரா உலக சாம்பியன்ஷிப்லயும் கூட வெள்ளிதான், அவரே கடுப்பாயிட்டார். ஆனா பிரேசிலோட கிளாடினே பட்டிஸ்டா பாரிஸ்ல 46.86 போட்டிருக்கார், ரியோ, டோக்கியோ, பாரிஸ் மூணுலயும் தங்கம் அந்த மனுஷனுக்குத்தான். இந்த நாலரை மீட்டரை அதிர்ஷ்டம் கெட்டதுன்னு சொல்லித் தள்ள முடியாது. ஃப்ரேம் செட்டிங்கா, வட்டை கையிலருந்து விடுற ரிலீஸா, இல்ல ஆரம்ப வருஷங்கள்ல சரியான கோச்சிங் கெடைக்காததா? தெரிஞ்சவங்க வந்து டெக்னிக்கலா எழுதுங்க, லாஸ் ஏஞ்சல்ஸ் 2028 வர்றதுக்குள்ள.

கமெண்ட்ல வந்து 'தன்னம்பிக்கை நாயகன்'னு மட்டும் போட்டீங்கன்னா டெலிட் பண்ணிடுவேன், சொல்லிட்டேன்.