சவப்பெட்டிக்குள் படுக்க 300 டாலர்

தம்பி: அக்கா, சாவு, கல்லறை, இருட்டு என்று பாடுகிற காத் ராக் குழு ஒன்று ஆரம்பிக்கிறேன். மேடைக்கு ஒரு சவப்பெட்டி வாங்கணும், காசு தாயேன்.

அக்கா: வீட்டுக்குள் சவப்பெட்டியா? எவன்டா சொல்லிக் கொடுத்தான்?

தம்பி: ஸ்க்ரீமிங் ஜே ஹாக்கின்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர். 1956-இல் ஸ்டுடியோவில் எல்லோரும் முட்டக் குடித்துவிட்டுக் காதல் பாட்டைப் பதிவு பண்ணியிருக்கிறார்கள், இவர் அலறி உறுமித் தள்ளிவிட்டார், அப்புறம் ஒன்றுமே நினைவில்லாமல் இசைத்தட்டைக் கேட்டுத்தான் தன் பாட்டைத் தானே கற்றுக்கொண்டாராம். அந்த அலறலைப் பார்த்து ஆலன் ஃப்ரீட் என்ற ரேடியோக்காரர், மேடையில் சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வா என்றார். இவர் முடியவே முடியாது என்றார்.

அக்கா: பயமா?

தம்பி: 300 டாலர் கொடுத்ததும் படுத்துவிட்டார்.

அக்கா: பார், அவருக்குக் காசு கொடுத்துப் படுக்க வைத்தார்கள். நீ என்னிடம் கேட்கிறாய்.

தம்பி: சரி விடு. ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் தெரியுமா? போதகரின் மகன். 1969-இல் டொரொன்டோவில் பாடும்போது மேடைக்கு ஒரு கோழி வந்துவிட்டது, பறந்துவிடும் என்று நினைத்துக் கூட்டத்துக்குள் வீசினார்.

அக்கா: கோழியா? பறக்குமா?

தம்பி: டெட்ராய்ட்டில் பிறந்தவர், கோழியைத் தட்டில்தான் பார்த்திருப்பார். கூட்டம் அதைப் பிய்த்துப்போட்டது. பத்திரிகையில் என்னவோ இவரே தலையைக் கடித்து ரத்தம் குடித்ததாகச் செய்தி. அவர்கள் ரெக்கார்ட் கம்பெனியை நடத்திய ஃப்ராங்க் ஸாப்பா போன் போட்டு, நிஜமா என்றார். இல்லை என்றதும், அதை யாரிடமும் சொல்லித் தொலைக்காதே என்றாராம்.

அக்கா: பிழைக்கத் தெரிந்த மனுஷன்.

தம்பி: இதெல்லாம் முன்கதை. அமெரிக்க காத் என்றால் 1979, லாஸ் ஏஞ்சலஸில் பங்க் என்ற முரட்டு ராக் பாடிய கூட்டம். பக்கத்துப் பொமோனாவில் ரோஸ் வில்லியம்ஸ் என்று 16 வயதுகூட நிரம்பாத பையன் கிறிஸ்டியன் டெத் குழுவைத் தொடங்கினான். ரோஸ் வில்லியம்ஸ் என்ற பெயரே கல்லறைக் கல்லில் பார்த்து எடுத்தது. 1982-இல் முதல் ஆல்பம், பாட்டு முழுக்கக் கிறிஸ்தவ சபையையும் பாவத்தையும் வம்புக்கு இழுப்பது. கல்யாண கவுன் மாட்டிக்கொண்டும் மேடையேறியிருக்கிறான்.

அக்கா: இவனும் பக்தியான வீட்டுப் பிள்ளைதானே?

தம்பி: கறாரான பாப்டிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம். எப்படிக் கண்டுபிடித்தாய்?

அக்கா: வாராவாரம் நரகத்தைப் பற்றியே கேட்டு வளர்ந்தவனுக்குத்தான் அதை எப்படிப் பாடினால் பெரியவர்களுக்கு வயிறு கலங்கும் என்று தெரியும். அப்புறம் என்ன ஆனான்?

தம்பி: 1985-இல் குழுவை விட்டு விலகினான், கிதார் வாசித்த வேலர் என்பவர் கிறிஸ்டியன் டெத் என்ற அதே பெயரில் தொடர்ந்தார். சில வருடம் கழித்து இவனும் அதே பெயரில் ஆல்பம் போட ஆரம்பித்தான். ஒரே பெயரில் இரண்டு குழு.

அக்கா: கட்சி உடைந்து சின்னத்துக்கு அடித்துக்கொள்வது மாதிரி. உன் குழுவில் எத்தனை பேர்?

தம்பி: நானும் எதிர்வீட்டுப் பிரபுவும்.

அக்கா: முதலில் பெயர் யாருக்கு என்று அவனிடம் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கு.