பொக்லைனுக்கு மட்டும் ஓடி வர்ற நோட்டீஸ்

அந்த வாய்க்கால் வீடியோவ எல்லாரும் பாத்திருப்பீங்க, பாக்காதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். கோயமுத்தூர், திருப்பூர் வழியா வர்ற நொய்யல் ஆத்துல இருந்து வாய்க்கால் பிரியற எடம் அடைச்சு தண்ணி ஏறலன்னு ஊர்க்காரங்க காசு போட்டு பொக்லைன் புடிச்சு ஆகாயத்தாமரையும் சேறும் அள்ளினாங்க, அதுக்கு முன்ன நின்ன பெரியவருக்கு நோட்டீஸ், வண்டி பறிமுதல். அதைக் கூட பொறுத்துக்கலாம். டிவில ஒக்காந்து ஒருத்தர் சொல்றாரு, இப்படி ஆத்தைக் கலக்கிவிட்டா நீர் மாசாகுமாம், விவசாயிகளுக்கு இதுல விழிப்புணர்வு பத்தலையாம். நொய்யல் கரையில இருக்கறவனுக்கு தண்ணி மாசு பத்தி பாடம்! ஏனுங்க சார், நீங்க எந்த ஊருங்க?

நான் சட்டம் வேண்டாம்னு சொல்லல. இதை முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா கமெண்ட்ல ஆரம்பிச்சுருவீங்க. அனுமதி வாங்காம ஆத்துல மெஷின் எறக்கக்கூடாது, சரி. ஆனா அள்ளினவனுக்கு மறுநாளே நோட்டீஸ் வருது, ஆத்துல சாயக்கழிவைக் கலந்தவனுக்கு "ஆய்வு நடக்குது"ன்னு பதில் வருது. இந்த வேக வித்தியாசம் ஏன்? என் கேள்வி அவ்வளவுதான்.

நொய்யல் குறுக்க கட்டின ஒரத்துப்பாளையம் அணை தெரியும்ல? தெரியாதவங்களுக்காக. 1992-ல தெறந்தாங்க, பத்தாயிரம் ஏக்கருக்கு மேல பாசனம்னு சொல்லிக் கட்டினது. கொஞ்ச வருசத்துலயே அது திருப்பூர் சாயத்தண்ணிக்கு தொட்டியாயிருச்சு. அணைல தண்ணி தேக்காதீங்க சாமி, எங்களுக்கு அந்தத் தண்ணி வேண்டாம்னு விவசாயியே கெஞ்சின ஒரு அணை வேற எங்கயாவது இருந்தா காட்டுங்க. அந்த அணைப் பாசனத்து விவசாயிங்கதான் ஐகோர்ட்டுக்குப் போனாங்க. 2006 டிசம்பர்ல தீர்ப்பு வந்துச்சு, சாயப்பட்டறைக்காரங்க சுப்ரீம் கோர்ட் போனாங்க, 2009-ல அங்கயும் விவசாயி பக்கம்தான், அப்பவும் கழிவு நிக்கல, கடைசில 2011 ஜனவரி 28-ல ஐகோர்ட் மொத்தமா மூடுன்னு சொல்லி, எழுநூத்துக்கு மேல சாயப்பட்டறை நின்னுச்சு. ஒரு சொட்டு கழிவுகூட வெளிய விடக்கூடாதுங்கற ஏற்பாடு திருப்பூர்ல உருப்படியா நடக்க ஆரம்பிச்சதே அதுக்கப்புறம்தான். யாருங்க இதைக் கொண்டாந்தது? விழிப்புணர்வு இல்லாத அந்த விவசாயிங்கதான்.

மூடின பட்டறைங்க சுத்திகரிப்பு நிலையத்த சரி பண்ணிக்க 200 கோடி வட்டியில்லாக் கடன் குடுத்துச்சு அரசாங்கம். குடுக்கட்டும், தப்பில்ல, லட்சக்கணக்கான பேர் பொழப்பு அது. பெரியவருக்கு ஒரு நாள் பொக்லைன் வாடகைய வட்டியில்லாம குடுத்திருக்கலாம்ல, அதான் கேக்கறேன்.

எங்க தோட்டத்துக் கதைய சொல்றேன். எங்க கெணத்துத் தண்ணில பருப்பு வேகாது. அம்மா அடுப்ப எரிச்சுட்டே இருப்பாங்க, பருப்பு கல்லு மாதிரி கெடக்கும், அப்பாரு சாப்பிடாம எந்திரிச்சுப் போயிருவாரு, அம்மா மேல கோவமில்ல, கெணத்து மேல கோவம். சாயம் போட உப்பு மூட்டை மூட்டையா போடறாங்க, அது துணியில நிக்காது, அத்தனையும் தண்ணியோட வந்துரும். ஆத்துக்கு வந்தா கெணத்துக்கு வராம எங்க போகும்? மஞ்சள் போச்சு, வாழை போச்சு, தென்னையில காய் சிறுத்து எலந்தப்பழம் சைசுக்குக் கொட்டுச்சு. ஒரு ஆபீசர் வந்து சாம்பிள் எடுத்தாரு, எங்க வீட்டு பெப்சி பாட்டிலைக் கழுவி நாங்களே குடுத்தோம். ரிப்போர்ட் இன்னும் வரல. வருமுங்க, அவசரம் ஒண்ணுமில்ல, அப்பாரு செத்து ரொம்ப வருசமாச்சு. அந்த ஆபீசுக்குதான் இப்ப ஒரே ராத்திரில நோட்டீஸ் அடிக்கத் தெரிஞ்சிருக்கு.

"விவசாயி மட்டும் யோக்கியமா, யூரியாவும் பூச்சி மருந்தும் ஆத்துக்குதான வருது"ம்பீங்க. வருது, மறுக்கல. ஆனா கோயமுத்தூர் சாக்கடையும் திருப்பூர் சாக்கடையும் கலந்து வர்ற ஆத்துல நின்னுக்கிட்டு என் மூட்டை யூரியாவ எண்ணுறீங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

"இவருக்கு விட்டா மணல் கொள்ளைக்காரனும் தூர் வார்றேன்னுதான் வருவான்"னு ஒரு நண்பர் இன்பாக்ஸ்ல சொன்னாரு. ஞாயமான பேச்சு. அப்படி நடந்தும் இருக்கு. ஆனா பெரியவரு மணலையா அள்ளினாரு? நாத்தம் புடிச்ச சேறுங்க, சும்மா குடுத்தாலும் யாரும் வாங்க மாட்டான். 2017-ல ஏரி குளத்த ஊர்க்காரங்களே சேந்து தூர் வார்ற திட்டத்துக்கு குடிமராமத்துன்னு பேரு வெச்சு 100 கோடி ஒதுக்கி விவசாயிகளே முன்வரணும்னாங்க. 2024-ல ஏரி குளத்து வண்டல் மண்ண எடுக்க தாசில்தாரே அனுமதி குடுக்கலாம்னு லேசாக்கினாங்க. கேமரா முன்னாடி அள்ளினா குடிமராமத்து, கேமரா இல்லாம அள்ளினா குத்தமா? அனுமதி கேட்டு மனு குடுத்திருக்காருங்க அவரு, ரசீது வீடியோலயே இருக்கு, அதை யாரும் ஜூம் பண்ணிப் பாக்கல.

அப்புறம் "நீ போடற பனியன் எங்கிருந்து வந்துச்சு". வந்துருச்சா! திருப்பூர்ல இருந்துதான் வந்துச்சு, என் மச்சானே அங்க கட்டிங் யூனிட் வெச்சிருக்கான், அவன் குடும்பம் நல்லாருக்கணும்னு நானும்தான் கும்படறேன். ஒழுங்கா நடத்தற பட்டறைக்காரங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆர்ஓ-ல வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி உப்பைத் தனியா எடுக்கறதுக்கு கரண்டும் வெறகும் என்ன செலவாகும்னு அவங்களுக்குத்தான் தெரியும். அந்த செலவ மிச்சம் புடிக்கணும்னு நெனைக்கறவனுக்கு ஒரு மழை ராத்திரி போதும். அவனால ஒழுங்கானவனுக்கும்தான் நஷ்டம். மழை பேஞ்ச மறுநாள் பாலத்து மேல நின்னு பாருங்க, நுரை பொங்கி வரும். சோப்புத் தண்ணிம்பாங்க. சாக்கடை நுரையும் இருக்கும்தான், ஆனா சாக்கடை எந்த ஊர்லங்க செவப்பா வருது?

இதுல 1974 தண்ணி மாசுத் தடுப்புச் சட்டத்தையே 2024-ல திருத்தி, பல குத்தத்துக்கு இருந்த ஜெயில எடுத்துட்டு பத்தாயிரத்துல இருந்து 15 லட்சம் வரைக்கும் அபராதம்னு மாத்தியிருக்காங்க. மாநிலங்க தீர்மானம் போட்டு ஏத்துக்கலாமாம். கோடில வியாபாரம் பண்றவனுக்கு அதெல்லாம் ஒரு செலவுக் கணக்கு, பெரியவருக்கு வண்டி ஒரு வாரம் நின்னாலே வாடகைக்காரன் வீட்டு வாசல்ல வந்து ஒக்காந்துக்குவான்.

எல்லாத்தையும் விட வலிச்சது என்னன்னா எங்க சொந்தக்காரங்க குரூப்புல ஒரு அண்ணன் போட்டதுதான். "ஆத்தோரம் இன்னும் எதுக்கு கட்டி அழுதுட்டு, வித்துட்டு வாங்கடா"ன்னு, கூடவே நாலு சிரிப்பு பொம்மை. அவரு படிச்சது அந்தக் காட்டுல வெளஞ்ச மஞ்சள வித்த காசுல. சரிங்ண்ணா, விக்கலாம். ஆளு இருந்தா கூட்டிட்டு வாங்க, வெலையெல்லாம் பேசிக்கலாம், கெணத்துத் தண்ணிய டெஸ்டுக்கு எடுத்துட்டுப் போகக்கூடாது, அது ஒண்ணுதான் கண்டிசன்.